ரோசி யார் பக்கம்

1943 ஜூன் 6, ஞாயிறு

இன்றும் மரவள்ளிக்கிழங்குதான். பழுத்த வாழைத்தார் முழுசும் கூண்டுக்குப் போய்விட்டது. ஜப்பான்காரன் வந்ததும் வெள்ளைக்காரத் துரை தோட்டத்தை விட்டு ஓடும்போது விட்டுப்போன மூன்று சிம்பன்சிகளுக்கு வந்த வாழ்வு! ஜப்பான் அதிகாரிக்கு அதுகளைப் பார்ப்பது ஒரு வேடிக்கை. பங்களாச் சமையலை முடித்துவிட்டு நானும் நின்று பார்ப்பேன். பெரிய ஆண் ஜம்போ வாயில் வைத்த பிறகுதான் சின்னது டாம் பழத்தைத் தொடும். அதுவும் குனிந்து, முனகி, கை நீட்டி.

ஜம்போ என் புருஷன் கையால் மட்டும்தான் சாப்பிடும். அதனால்தான் அவரை இன்னும் சயாமுக்கு ரயில் பாதை போட அனுப்பவில்லை.

ஜூன் 11

டாம் ஜம்போவின் விரலைக் கடித்துவிட்டது. மூன்றாவது, கிழட்டுப் பெண் சிம்பன்சி ரோசியும் டாமோடு சேர்ந்துகொண்டாளாம். ஜம்போ மூலையில் சுருண்டு கிடக்கிறது, இப்போது டாம்தான் பெரியது.

ஜூன் 12

டாம் இவர் கையால் வாங்க மாட்டேன் என்கிறது. பக்கிரிசாமி நீட்டினால் வாங்குகிறது. பக்கிரிசாமி அடுத்த வீட்டுச் செல்லாயியின் புருஷன், கூண்டு கழுவுகிறவன்.

சாயங்காலம் கங்காணி ராமையா வந்து இவரிடம் சொன்னார். "எந்தக் கொரங்கு மேல இருக்கோ, அதுக்குத் தீனி குடுக்குறவன் மட்டும் இருந்தா போதும்னுட்டான் ஜப்பான்காரன், தம்பி. இன்னொருத்தன் அடுத்த லாரியில சயாமுக்கு. நா என்னா செய்யிறது?"

போனவர்களில் ஒருத்தராவது திரும்பி வந்தார்களா? ஒரு கடுதாசி? எழுத முடியல.

ஜூன் 14

செல்லாயி வந்தாள். "அழாதடி நவமணி. எம் புருசன் இங்கதான இருக்காரு, ஒன்னயும் பாத்துக்குவோம்." நல்ல மனசோடுதான் சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஜூன் 15

பலம் டாமிடம் இல்லை, ரோசியிடம் இருக்கிறது! இரண்டு நாளாகக் கவனிக்கிறேன். அவள் எதற்குப் பேன் பார்க்கிறாளோ அதுதான் நிமிர்ந்து உட்காருகிறது. அவள் எழுந்து போனால் டாம் பதறிப்போய்ப் பின்னாலேயே ஓடுகிறது.

என் பங்குக் கிழங்கை மடியில் ஒளித்துக் கொண்டுபோனேன். ரோசி போய் ஜம்போ பக்கத்தில் உட்கார்ந்தால்தான் அவளுக்குக் கொடுப்பது.

ஜூன் 18

பசி. தலை சுற்றுகிறது. ரோசி இன்று ஜம்போவின் முதுகை நோண்டினாள்.

ஜூன் 20

"சாப்பிட்டியா?" என்று இவர் கேட்டார். சாப்பிட்டேன் என்றேன்.

ஜூன் 21

டாம் கம்பியை உலுக்கி ஆட்டம் போட்டது. ஜம்போவும் ரோசியும் சேர்ந்து விரட்டின. அலறிக்கொண்டு மூலைக்கு ஓடியது, பிறகு குனிந்து முனகிக்கொண்டே ஜம்போவிடம் வந்தது. ஜம்போ இவர் கையால் முதல் பழத்தை வாங்கியபோது அதிகாரி கை தட்டினார். நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷமா? அசதிதான் அதிகம்.

ஜூன் 23

லாரியில் பக்கிரிசாமி. ஏறும்போது இவரிடம், "டாமுக்குத் தோல உரிச்சுக் குடுங்கண்ணே, இல்லன்னா திங்காது" என்றான். கிழங்கு விஷயம் இவருக்குத் தெரியாது. நானும் சொல்லப்போவதில்லை.

ஜூன் 27

பைப்படியில் ஏழெட்டுப் பெண்கள். முன்னால் செல்லாயி. என்னைவிட மூத்தவள். என்னைப் பார்த்ததும் பாதி நிறைந்த குடத்தை இழுத்துக்கொண்டு ஒதுங்கினாள். "நீங்க மொதல்ல பிடிங்க" என்றாள், தலையைத் தூக்காமல். மற்றவர்களும் வழி விட்டார்கள்.

நான் பிடித்துக்கொண்டு வந்தேன்.