முயல் பொம்மையின் கண்ணிக் கணக்கு

அன்புள்ள மகளுக்கு,

என் வலது கையில் இரண்டு விரல்கள் முறிந்திருப்பதை டாக்டர் முராசே இன்று காலை எக்ஸ்ரே பார்த்து உறுதி செய்தார். படியில் விழுந்ததாகச் சொன்னேன். நம் வீட்டில் படியே இல்லை என்பது அவருக்குத் தெரியாது. இடது கையால் எழுதுகிறேன். அப்பா வெளியே காரில் இருக்கிறார். கடிதத்தை நர்ஸ் தபாலில் சேர்ப்பாள்.

ஞாயிறு மதியம், நான் குரோஷா ஊசியால் பின்னிய பதினொரு பொம்மைகளின் வயிற்றையும் அப்பா கத்தரியால் கிழித்தார். உன் முகவரியை உள்ளே ஒளித்திருப்பேன் என்று நினைத்தார். கரடிக்குள்ளும் பஞ்சுதான், யானைக்குள்ளும் பஞ்சுதான். "எங்கடி அவ?" என்று கேட்டபடி என் விரல்களைப் பின்னுக்கு வளைத்தார்.

முகவரி அவர் எதிரில் சுவரில் இருந்தது. அங்கே ஒட்டியிருந்த முயல் பொம்மையின் பின்னல் குறிப்புத் தாளில், ஒரு சுற்றுக்கு இத்தனை நூல் கண்ணி என்று எழுதும் இடத்தில், உன் அஞ்சல் குறியீட்டையும் வீட்டு எண்ணையும் எழுதியிருந்தேன். மனப்பாடமான பிறகும் அதைக் கிழிக்காதது என் தவறு.

நேற்று உன் அத்தை செட்சுயோ வந்தாள். அவளுக்கும் பொம்மை பின்னத் தெரியும்.

"ஆறு கண்ணிக்கு அடுத்த சுத்து ஒண்ணா? என்ன அண்ணி, இந்த முயலுக்குத் தலையே வராதே."

"என்னது?" என்றார் அப்பா.

"உன் பொண்டாட்டிக்குக் கணக்கு வரலண்ணே. நான் சரிபண்ணிக் கொண்டாறேன்."

என் முகத்தைப் பார்க்காமல் தாளை மடித்து எடுத்துப் போனாள். அவளுக்குப் புரிந்துவிட்டதா, புரிந்தால் யார் பக்கம் நிற்பாள் என்பது தெரியவில்லை. வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறாள். இக்கடிதம் வியாழனன்று உனக்குக் கிடைக்கும். படித்ததும் கிளம்பு. எங்கே போகிறாய் என்று எனக்கும் எழுதாதே.

உன் அம்மா