அவளுக்கு வைத்த பெயர்

லவினாவுக்கு,

பாங்காக்கில் தினமும் மழை. அறையை மறுபடி மாற்றிவிட்டேன், இந்த வருஷத்தில் இது நாலாவது. ஜன்னலைத் திறந்தால் மேம்பாலத்தில் ரயில் ஓடுவது தெரிகிறது. நீ போனை எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம்.

அன்று காலை நீ மூன்று முறை அழைத்தாய். நான் மீட்டிங்கில் இருந்தேன். பிரசவத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறதே என்று மூன்று முறையும் கட் செய்தேன். பிறகு நான் கூப்பிட்டபோது உன் தம்பி நோயல்தான் எடுத்தான்.

"பொண்ணு மச்சான். பொறக்கும்போதே மூச்சு இல்ல."

உடனே கிளம்புகிறேன் என்றேன். "அக்கா உங்கள வரவேணாம்னு சொல்லுது" என்றான். நானும் வராமலே இருந்துவிட்டேன். அந்தப் பேச்சை நான் கேட்டிருக்கக் கூடாது.

லேப்டாப் இருந்தால் போதும், எந்த ஊரிலிருந்தும் வேலை செய்யலாம் என்று உன்னிடம் எத்தனை முறை பெருமை பேசியிருப்பேன்! உன் ஊரான ஊரிகத்தில் உன் பக்கத்தில் உட்கார்ந்தும் செய்திருக்கலாம்.

அடக்கம் செய்யும்போது நீ அவளுக்குப் பெயர் வைத்தாயாம். என்ன பெயர் என்று நோயலிடம் கேட்டேன். "அத அக்காவாண்டயே கேளுங்க மச்சான்" என்றான்.

பதினெட்டாம் தேதி வருகிறேன். நீ கதவைத் திறக்காவிட்டால் நேராகக் கல்லறைக்குப் போவேன். அங்கே அவளை என்ன சொல்லிக் கூப்பிடுவது? அதை மட்டும் சொல்லிவிடு.

அவளுடைய அப்பா