காலுக்குக் கண், பந்துக்குக் காது

என் அன்பு மச்சான் சிவநேசா,

நீ போன செய்தி போன மாரியில் தொலைபேசியில் வந்தது. செத்த வீட்டுக்கு வர வழி இருக்கவில்லை. உன் வீட்டாருக்கு ஒரு கடிதமாவது எழுதியிருக்கலாம். எழுதவில்லை. உன் மேல் எனக்கிருந்த கோபம் உனக்குத் தெரியாததா? ஊர்க் கிரிக்கெட்டில் நான் ஐம்பது அடிக்க இரண்டு ஓட்டம் இருக்க, சொந்த மச்சான் என்றும் பாராமல், நடுவராக நின்று என்னை ரன் அவுட் கொடுத்தவன் நீ. "நான் கண்டதைச் சொன்னன்" என்றாய். அதற்குப் பிறகு நீ நடுவராக நின்ற ஆட்டம் எதிலும் நான் மட்டை பிடிக்கவில்லை.

இப்போது ஒரு புதினம் கேள். நானும் நடுவராகிவிட்டேன். கிரிக்கெட்டுக்கு இல்லை, பேஸ்போலுக்கு. சிரிக்காதே.

இங்கே ஸ்காபரோவில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு இரவு வேலை. கணக்கில் பட்டம் வாங்கியவன் பிளாஸ்டிக் வாளிகளுக்கு மூடி அடுக்குகிறேன். எங்கள் சூப்பவைசர் மோகன் சுன்னாகத்துப் பெடியன், என்னிலும் பத்து வயது இளையவன். பகல் வேலை தரச்சொல்லி அவனிடம் எத்தனை தரம் கேட்டிருப்பேன்! ஒவ்வொரு முறையும் "பாப்பம் அண்ணை" என்பான். எங்கள் ஊரில் 'பாப்பம்' என்றால் என்ன பொருள் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கோடையில் சனிக்கிழமைகளில் தொழிற்சாலைகளுக்கிடையே பேஸ்போல் ஆட்டம் நடக்கும். முழங்கால் வருத்தக்காரன் என்று என்னை முதல் தளத்தடியில் நடுவராக நிறுத்தினார்கள். அடித்தவன் ஓடிவந்து அந்தத் தளத்தை மிதிக்க வேண்டும். அதற்கு முன் பந்து அங்கே நிற்பவனின் கையுறைக்குள் வந்துவிட்டால் அவுட். காலும் பந்தும் ஒரே கணத்தில் வரும்போது எதைப் பார்ப்பது? மோகன்தான் சொல்லித்தந்தான்.

"ரெண்டையும் பாக்க ஏலாது அண்ணை. காலைப் பாருங்கோ, பந்தைக் கேளுங்கோ. கையுறையில விழேக்க டப் எண்டு கேக்கும்."

"ரெண்டும் ஒண்டா வந்தா?"

"ஒண்டா வராது. ஏதோ ஒண்டு முந்தும்."

போன மாதம் அதே மோகன் அடித்துவிட்டு ஓடிவந்தான். அவன் தப்பினால் எங்கள் ஆட்டம் பிழைக்கும், இல்லையென்றால் முடிந்தது. என் பகல் வேலையும் அவன் காலோடு சேர்ந்து ஓடிவருவது போல இருந்தது. தளத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். டப். பிறகுதான் கால்.

அவுட் என்றால் இங்கே கைவிரல்களை முஷ்டியாக மடக்கிக் காட்ட வேண்டும். என் கை என்ன செய்தது தெரியுமா? ஒற்றை விரலை மெதுவாக, கொஞ்சம் வளைத்து, அப்படியே நீ தூக்குவது போலத் தூக்கியது. விமானம் போகிறதாக்கும் என்று எல்லாரும் வானத்தைப் பார்த்தார்கள். அந்த விரல் விளங்கியது மோகன் ஒருவனுக்குத்தான்.

"என்ன அண்ணை உது? நான் எப்பவோ மிதிச்சிட்டன்."

"சத்தம் முந்திட்டுது தம்பி."

"உங்கட காதில பிழை."

"காதால கேக்கச் சொன்னது நீர்தானே."

அவன் பொய் சொல்லவில்லை மச்சான். ஓடுகிறவனுக்குத் தன் கால் பட்டதுதான் தெரியும். பந்தின் சத்தம் அவனுடைய மூச்சுக்குள் அமுங்கிப்போகும். நீ என்னை அவுட் கொடுத்த அன்றைக்கு என் மட்டை கோட்டுக்குள் பட்டது எனக்கு இன்றைக்கும் கையில் இருக்கிறது. விக்கெட் விழுந்த சத்தம்? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. நீ அதைக் கேட்டாயா?

இரண்டு கிழமை மோகன் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. வேலை போனாலும் போகட்டும் என்றிருந்தேன். ஒருநாள் மூடி அடுக்குகிற இடத்துக்கே வந்தான்.

"நான் அவுட் இல்லை. அதை எங்கையும் சொல்லுவன். இந்தச் சனியும் நீங்கள்தான் நிக்கவேணும். திங்களில இருந்து பகலுக்கு வாங்கோ. ராமுழிச்ச கண்ணோட நிண்டா உப்பிடித்தான் குடுப்பியள்."

கோபத்தையும் விடாமல், நடுவரையும் விடாமல் இருக்கலாம் என்பது எனக்கு ஏன் தோன்றாமல் போனது?

இந்தச் சனியும் நிற்பேன், வரும் சனிகளிலும் நிற்பேன். விரலைத்தான் தூக்குவேன், அவர்கள் பழகிக்கொள்ளட்டும். பிறகு என் முறை வரும்போது மட்டையோடு நீ இருக்கிற இடத்துக்கு வருவேன். நடுவராக நீயே நில். வேறு ஒருவரும் வேண்டாம்.

இப்படிக்கு,
இன்னும் அவுட் ஆகாத உன் மச்சான்,
தியாகராசா