‘டு’வுக்குப் பின்னால் லஞ்ச்

அக்கா,

இந்த வீட்டில் பிழையில்லாமல் ஆங்கிலம் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

உன் நூலக வேலை விண்ணப்பத்தின் கடைசி வரியைத் திருத்தி, பிரிண்ட் எடுத்து மேசையில் வைத்திருக்கிறேன். ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ’ என்று எழுதியிருந்தாய். ‘டு’வுக்குப் பிறகு ‘மீட்’தான் வரும் என்று நேற்றுப் படித்துப் படித்துச் சொன்னேன். நீ கேட்டால்தானே? “அங்க ‘லஞ்ச்’னு ஒரு பெயர்ச்சொல்ல வச்சுப் பாருடா, ஒழுங்கா உட்காருதுல்ல? அப்போ ‘மீட்டிங்’தான் வரும்” என்று எட்டாம் வகுப்பு இலக்கண நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாய். அதுவும் அட்டை போட்ட நோட்டு. கல்லூரிக்குப் போகிறவன் சிரிக்காமல் வேறென்ன செய்வான்? அதற்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்துவிட்டாய்.

சோறு குக்கரில் இருக்கிறது. குழாய் ரிப்பேர்காரர் பதினொரு மணிக்கு வருவார். விண்ணப்பம் நாலு மணிக்குள் போய்ச் சேர வேண்டும்.

பின்குறிப்பு: மேசையில் இருந்ததைக் கிழித்துப் போட்டுவிட்டேன். ஃபிரிட்ஜ் மேல் இருக்கும் கவரை எடுத்துப் போ. அதில் ‘மீட்டிங்’தான் இருக்கிறது. ‘லஞ்ச்’ வைத்துப் பார்த்தேன், உட்கார்ந்து தொலைக்கிறது.

இன்னொன்று: இன்றைக்கு எனக்கு ஆங்கிலப் பரீட்சை. உன் நோட்டைத் தேடாதே, என் பையில் இருக்கிறது. அட்டை கசங்காமல் கொண்டுவருகிறேன்.