சிரிக்கக் கூடாத படம்

என் வாயாடி மகளுக்கு,

பேப்பர்ல வந்த எங்க படத்தால மாமியார் வீட்டுல தலை நிமிர முடியலைன்னு எழுதியிருந்தே. நீ வாங்கிக் கொடுத்த சட்டையைத்தான் போட்டிருந்தேன். போட்டோக்காரர்தான், "கழட்டுங்க பெரியவரே, கஷ்டம் தெரிஞ்சாதான் உதவி வரும்"னார். எரிஞ்ச அடுப்பையும் அணைக்கச் சொன்னார். நான் பல்லைக் காட்டினேன்.

"சிரிக்காதீங்க."

"இருக்கறதே மூணு பல்லு, அதையும் மறைக்கணுமா தம்பி?"

அவருக்குச் சிரிப்பே வரலை. உதவியும் வரலை.

முக்கால்வாசி நாடகம்னு உன் மாமியார்கிட்ட சொல்லிடு.

ஆனா பக்கத்துல உங்கம்மா வாசலையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கா பாரு, அதை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கலை. நீ கோவிச்சுக்கிட்டுப் போனதிலேருந்து அப்படித்தான் உட்கார்ந்திருக்கா.

இப்படிக்கு,
உன் வம்புக்கார அப்பன்