இன்னும் கொஞ்சம் கூட்டுங்க

ஜூன் 9, ஞாயிறு
என் வீட்டுக்காரர் இறந்துபோய் அடுத்த ஞாயிறோடு ஒரு வருஷம். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில், கொழுந்தன் சோலைச்சாமி வீட்டில் கூடுகிறோம். என் வீட்டுக்காரர் படங்களைச் சேர்த்து வீடியோ போடுவது என் பொறுப்பு. ஆஸ்பத்திரியில் இருந்தபோது தன் அம்மாவுக்காக அவர் செல்லில் பேசி எடுத்து வைத்த வீடியோவும் அதில் வர வேண்டும். அந்தச் செல் கெட்டுக் கிடந்தது. ஸ்டுடியோ எட்வின் தம்பிதான் எப்படியோ எடுத்துக் கொடுத்திருக்கிறார். அத்தைக்குக் கண் தெரியாது. "எம்மவன் கொரலக் கேட்டாப் போதும் தாயி" என்கிறார்.

ஜூன் 11, செவ்வாய்
ராஜபாளையம் ஸ்டுடியோவுக்குப் போனேன். படத்துக்குப் பின்னால் ஓட, பாட்டு இல்லாத வெறும் இசை மூன்று போட்டுக் காட்டினார் எட்வின். புல்லாங்குழலாம், வீணையாம், பியானோவாம்.
"எது மனசுக்கு அமைதியா இருக்கு, யக்கா?"
எனக்கு எங்கே கேட்டது? எங்கோ கொசு பறக்கிற மாதிரி இருந்தது. ஸ்பின்னிங் மில் இரைச்சலில் இத்தனை வருஷம் நின்ற காது. இது என் வீட்டுக்காரர் ஒருத்தருக்குத்தான் தெரியும். அவரும் அதே மில். எப்போதும் எதிரே வந்து நின்று, வாயை நன்றாக அசைத்துத்தான் பேசுவார். வேறு யாரிடமும் சொல்ல எனக்கு வெட்கம்.
"இன்னும் கொஞ்சம் கூட்டுங்க தம்பி" என்றேன். கூட்டினார். இன்னும் என்றேன்.
"யக்கா, இது பின்னால ஓடுறது. இம்புட்டு வேணாம்."
"எனக்கு இப்படித்தான் வேணும்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். பியானோதான் கேட்டது. அதையே வைக்கச் சொன்னேன்.

ஜூன் 12, புதன்
அந்தத் தம்பி முகம் சுண்டிப்போனது. ஏன் அப்படிப் பேசினேன்?

ஜூன் 16, ஞாயிறு
எழுதவே கை கூசுது. டிவியில் வீடியோ ஓடியது. என் வீட்டுக்காரர் வந்தார். 'எம்மா, நான் நல்லாருக்கேன். நீ சாப்ட்டியா?' எனக்கு அம்புட்டும் தெளிவாக இருந்தது. அழுதுகொண்டே திரும்பினால் அத்தை காற்றில் கையைத் துழாவுகிறார். கொழுந்தன் பெண்டாட்டி பாண்டிசெல்வி என் முன்னால் வந்து, "அத்தானோட கொரல் ஒன்னுமே கேக்கலக்கா. மியூசிக்கு அமுக்கிருச்சு" என்றாள்.
அப்போதுதான் உறைத்தது. நான் கேட்கவே இல்லை. அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.
சோலைச்சாமி போனில் எட்வினிடம் கத்தினார்: "கூறுகெட்ட பயலே, தெவசத்துக்குக் கச்சேரியாலே வைக்கச் சொன்னோம்?"
பக்கத்திலேயே நின்றேன். வாயைத் திறக்கல. பாவி, ஒரு வார்த்தை சொல்லல நான்.

ஜூன் 18, செவ்வாய்
ஸ்டுடியோ வாசலைத் தாண்டும்போது தலையைத் திருப்பிக்கொண்டேன். இதுவும் ஒரு பொழப்பு.

ஜூன் 20, வியாழன்
போய்ச் சொல்லிவிட்டேன். "எனக்குக் காது கேக்காது தம்பி. தப்பு எம்மேல."
 எட்வின் நாற்காலியை என் முகத்துக்கு நேரே திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். "மொதல்லயே சொல்லிருக்கலாம்லக்கா? சோலைச்சாமி அண்ணாச்சிகிட்ட வண்டி வண்டியா வாங்கிக் கட்டிக்கிட்டேன்."
இசையை அவரையே பார்த்து வைக்கச் சொன்னேன். என் வீட்டுக்காரர் பேசுகிற இடத்தில் ஒன்றுமே வேண்டாம் என்றேன்.

ஜூன் 23, ஞாயிறு
மடவார் வளாகம். முதலில் சோலைச்சாமியிடம் சொன்னேன், என் காதையும் சேர்த்து. அவர் தரையைப் பார்த்தார். பிறகு எட்வினுக்குப் போன் போட வெளியே போனார்.
எட்வின் திருத்திக் கொடுத்த வீடியோவை என் செல்லில் போட்டு, அத்தை காதோடு வைத்தேன். நான் படத்தைப் பார்க்கவில்லை, அத்தை முகத்தைத்தான் பார்த்தேன். ஓடுகிறதா, கேட்கிறதா, எனக்கு எப்படித் தெரியும்?
அத்தை உதடு அசைந்தது.
"சாப்ட்டேன்யா."