தெளிந்த தண்ணீரில் நின்ற வெள்ளி

கண்ணு சின்னா,

இன்று காலை வெள்ளி பிரிக்கும் பட்டறையில் தொட்டி கழுவும்போது ஆசிட் நெடி மூக்கில் ஏறியது. உன் சட்டையில் வரும் அதே நெடி. நீ போன பிறகு உன் மொதலாளியிடமே வேலைக்குப் போகிறேன். வேறு யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

வெள்ளி அடியில் தங்கியதும் மேலே தெளிந்து நிற்கும் நீலத் தண்ணீரை, சாக்கடையில் கொட்டுவதற்காக வாளியில் மொண்டு வைத்திருந்தார்கள். வாளியைக் கழுவலாம் என்று அதற்குள் குழாயைத் திறந்துவிட்டேன். நல்ல தண்ணீர் விழ விழ, உள்ளே இருந்தது அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வெளுத்துவிட்டது.

நீ ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாய். "பழைய பட்டுப்புடவைய கொளுத்தி, அந்த ஜரிகைய ஆசிட்ல கரைச்சி, உப்புத்தண்ணி ஊத்தணும்மா. வெள்ளி தயிராட்டம் திரிஞ்சி அடியில உக்காந்துக்கும்."

"எல்லாமே உக்காந்துக்குமா?"

"எல்லாம் உக்காராது. தண்ணி தெளிஞ்சாலும் துளி உள்ளயே நிக்கும், உன் கோவமாட்டம்."

அந்தத் துளியையும் விட மனசில்லை உன் மொதலாளிக்கு. உப்பு மகாலட்சுமி, அதில் கை சுருங்கக் கூடாது என்பது அவர் அப்பா காலத்து வழக்கம். தொட்டி சூடாக இருக்கும்போதே மேற்கொண்டு ஒரு கை அள்ளிப் போடச் சொல்வார். லட்சுமி பிடி என்று அதற்குப் பேர். கிடைத்த வெள்ளியின் எடை குறைந்தது. இன்னும் போடு என்றார். போட்டாய். இன்னும் குறைந்தது. அப்புறம் உன்னைத் திருடன் என்றார்.

தெருவே கூடி நின்றது அம்மன் கோயிலில். "நான் எடுத்திருந்தா இந்த ஆத்தா என் உயிர எடுத்துக்கட்டும்" என்று கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தாய். அந்த மாதமே உனக்கு மஞ்சள்காமாலை. கீழாநெல்லி கொடுத்தேன், ஆஸ்பத்திரிக்கும் தூக்கிக்கொண்டு ஓடினேன். உன்னைப் பாடையில் கிடத்தியிருந்த இடத்திலேயே, என் காதில் விழும்படி பேசினார்கள். "பாத்தியா, பொய் சத்தியம் பண்ணான், ஆத்தா சும்மா வுடுவாளா?"

ஆசிட் இறக்க வந்த ஆள்தான் இன்று அந்த வாளியைப் பார்த்து நின்றுவிட்டார். "உப்பு அளவா போட்டா வெள்ளி கீழ எறங்கும். சூட்டுல அள்ளிக் கொட்டுனா, எறங்குனதே மறுபடி தண்ணியில கரைஞ்சிக்கும். நல்ல தண்ணி சேந்ததும் வெளுத்து நிக்குது பாருங்க, அது பூரா வெள்ளிதான். இத்தினி நாளா வெள்ளிய சாக்கடையில ஊத்திக்கினு இருந்தீங்களா மொதலாளி?"

மொதலாளி அந்த வாளியையே பார்த்தார். நான் கேட்டேன். "எங்க தெருவுல வந்து ரெண்டு வார்த்த சொல்லுங்க மொதலாளி. என் புள்ள எடுக்கலன்னு."

"எதுக்குமா? சொன்னா போன உயிரு திரும்பியா வரப்போவுது?" என்றவர், அந்தத் தண்ணீரைப் பிடித்து வைக்கப் புதுத் தொட்டி ஒன்று வாங்கி வர ஆள் அனுப்பினார். மத்தியானமே வந்துவிட்டது. அதையும் நான்தான் கழுவிக் கொடுத்தேன்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு சரோஜாவிடம் நானே எல்லாவற்றையும் சொன்னேன். உளுந்தில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். கடைசியில் முறத்தைக் கீழே வைத்தாள்.

"சரிக்கா, வெள்ளி தண்ணியிலயே போச்சின்னு வச்சிக்குவோம். அப்ப உன் புள்ள எதுக்கு செத்தான்?"

எழுந்து கோயிலுக்குப் போனேன். ஆத்தாவுக்கு மஞ்சள் பட்டு கட்டியிருந்தார்கள், விளக்கில் ஜரிகை மின்னியது. கும்பிடக் கை எழவில்லை.

மொதலாளிக்குத்தான் இன்றைக்குத் தெரிந்தது. ஆத்தாவுக்கு அன்றைக்கே தெரியும், நீ எடுக்கவில்லை என்று. அப்புறம் எதுக்குடா கண்ணு உன்னை எடுத்துக்கினா?